ஒரு விரல் வெள்ளை

செப்டம்பர் 9, செவ்வாய்

பதினொன்றாவது கரண்ட் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சை எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் கேட்பது ஊரோ பேரோ இல்லை. "ஒங்களுக்கு எத்தனாவது?"

அப்பாவுக்கு மொத்தம் முப்பத்துமூன்று. ஆனி மாதம் இடது கன்னத்தின் உட்புறத்தில் அறுத்து எடுத்தார்கள். நாற்பது வருட வெற்றிலையும் புகையிலையும் அடங்கியிருந்த இடம்.

நேற்றைய எடை 49.2. ஆபரேஷனுக்கு முன் 58.

உணவு ஆலோசனை சொல்லும் அம்மா ஒரு எண்ணை எழுதிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்: 45. அதற்குக் கீழே போனால் மூக்கு வழியாக ட்யூப். திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ட்யூப்பு வச்சா நான் அப்பறம் வர மாட்டேன். சொல்லிட்டேன்." பெரியப்பா அந்த ட்யூப்போடுதான் செத்தார்.

ஆக, 45. அதற்குக் கீழே ட்யூப். ட்யூப் என்றால் கரண்ட் நின்றுவிடும். கரண்ட் நின்றால் —

செப்டம்பர் 10

குழம்பு எரிகிறது. ரசம் எரிகிறது. தயிர் புளிப்பு, அதுவும் எரிகிறது. வெறும் பால் தொண்டையில் கோழையாய்க் கட்டுகிறது. இட்லி மண் மாதிரி இருக்கிறதாம். சத்துமாவை முகர்ந்ததுமே தள்ளிவிட்டார்.

நாக்கில் ருசி இல்லை, வலி மட்டும் இருக்கிறது. வயலில் ஒரு மரக்கால் சோற்றைத் தனியாளாகத் தின்று தீர்ப்பார் என்று அம்மா பெருமை பேசிய ஆள், இன்று முழுக்க அரை டம்ளர் கஞ்சி.

செப்டம்பர் 11

பஸ்ஸில் திடீரென்று ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் ஆய்வு செய்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருந்த மூன்று வருடமும் சாயங்காலங்களில் ஒரு கஃபேயில் வேலை பார்த்தேன். அங்கே சமையல் ஜெக்கரியா அண்ணன். ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வெள்ளையாக ஒரு டப்பா இருக்கும். மஸ்கார்போனே. இத்தாலிக்காரர்களின் சீஸ், பாலேட்டில் எலுமிச்சை விட்டுச் செய்வது. கடித்துத் தின்பது இல்லை. கரண்டியில் அள்ளினால் மடங்கி விழும். காரம், புளிப்பு, உப்பு எதுவும் இல்லாமல் லேசாக ஒரு இனிப்பு, அதுவும் கடைசியில்தான் தெரியும். முதல் தடவை தின்றபோது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, அதான் அதுல விசேஷம்" என்றார் அண்ணன்.

எரிக்காது. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கொழுப்பு. வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? முடிக்காத ஆய்வில் எத்தனை அடிக்குறிப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். இது மட்டும் தோன்றவில்லை.

உணவு ஆலோசனை அம்மாவிடம் கேட்டேன். எலுமிச்சை எவ்வளவு சேரும் என்று விசாரித்துவிட்டு, கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், எரிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள் என்றார்.

செப்டம்பர் 12

ஜெக்கரியா அண்ணனுக்கு ஃபோன். வாங்க வேண்டாம், நீயே செய் என்றார். பாலேடு மட்டும் நல்லதாக வேண்டும். காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் வடிய விட வேண்டும், அவ்வளவுதான். ஃபோனை வைக்கும்போது ஒன்று சொன்னார். "மாறன், அதுக்குன்னு ஒரு வாசனை கெடையாது. பக்கத்துல என்ன இருக்கோ அத இழுத்துக்கும். பாத்து."

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் அப்துல் அஜீஸ் பாய் வெண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். பாலிலிருந்து கிரீம் பிரிக்கிற மிஷின் அவரிடம் இருக்கிறது. ஒரு கிலோ கிரீம் கேட்டேன். வெண்ணெயாகக் கொண்டுபோகாமல் கிரீமை வைத்து என்ன பண்ணப்போகிறேன் என்று கேட்டார். சீஸ் என்றேன்.

"சீஸுனா பீட்சாவுல நூல் நூலா இழுக்குமே, அதா?"

"இது இழுக்காது பாய்."

"இழுக்காத சீஸ எவன் திம்பான்?"

அப்பாவுக்கு என்றேன்.  பாய் காலையில் பிரித்த புது கிரீமாகப் பார்த்து ஊற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

எண்பத்தைந்து டிகிரி என்றார் அண்ணன். தெர்மாமீட்டர் இல்லை. ஓரத்தில் பொடிக் குமிழி வரும், நடுவில் கொதிக்கக் கூடாது. அப்போது எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. விடாமல் கிளற வேண்டும். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு கிழித்தால் கோடு நிற்க வேண்டும்.

நின்றதா? நின்ற மாதிரி இருந்தது. பால் திரிவது போல இது திரியாது. சும்மா கொஞ்சம் கனக்கும். தப்பாகிவிட்டதோ என்று ஐந்து நிமிடத்தில் இரண்டு தடவை அண்ணனுக்கு ஃபோன். அப்பாவின் பழைய வேட்டியை வெந்நீரில் அலசிக் கிழித்து, வடிகட்டியில் விரித்து ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒறை ஊத்துனியா?" இதற்கு உறை கிடையாது என்றேன். நம்பவில்லை.

செப்டம்பர் 14

கட்டியாகிவிட்டது. துணியை உரித்தபோது வேட்டியின் நெசவு அதன் மேல் பதிந்திருந்தது.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். வாய் அதிகம் திறக்க முடியாததால் சொற்கள் நசுங்கித்தான் வெளியே வருகின்றன. "என்னடா, சுண்ணாம்பக் கொழச்சி வச்சிருக்க?"

உண்மைதான். வெற்றிலைச் சுண்ணாம்பேதான். அதே வெள்ளை, அதே பளபளப்பு. அம்மா சிரித்தாள். இந்த வீட்டில் யாராவது சிரித்து எத்தனை நாளாகிறது?

குழைந்த அரிசிக் கஞ்சியில் இரண்டு ஸ்பூன் கலந்தேன். முழு டம்ளர் குடித்தார். எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று கையை ஆட்டினார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. பயம்.

செப்டம்பர் 15, திங்கள்

47.6.

ஒரே நாளில் ஏறிவிடுமா என்ன. தெரியும். தெரிந்தும் அப்பாவை இன்னொரு தடவை மிஷினில் ஏறி நிற்கச் சொன்னேன்.

செப்டம்பர் 18

இதுவரை தெரிந்துகொண்டது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, இறக்கிய பிறகு கலக்க வேண்டும். அடுப்பிலேயே விட்டால் நெய்யாய்ப் பிரிந்துவிடும். கேழ்வரகுக் கூழில் நன்றாகச் சேர்கிறது. மசித்த பூவன்பழத்தில் அதைவிட நன்றாக. மசித்த உருளைக்கிழங்கில் போட்டால் கிழங்கின் வறட்சி போய்விடுகிறது. அவித்த முட்டை மஞ்சள் கருவோடு குழைத்தால் அப்பா இரண்டு கருவைத் தின்கிறார். எதில் போட்டாலும் அதுவாகிவிடுகிறது. தனக்கென்று எதையும் வலியுறுத்தாத ஒரு பொருள்.

இன்று செய்தது முழுக்கப் போச்சு. அம்மா கீழ்த்தட்டில் நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலமாக வைத்திருந்தாள். ஒரே இரவு. கிண்ணத்தைத் திறந்தால் மீன் கடை. இழுத்துக்கொள்ளும் என்று அண்ணன் சொன்னாரே. சொன்னாரே!

அம்மாவிடம் கத்தினேன். ஃப்ரிட்ஜுக்குள் எதற்குக் கருவாடு? அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கட்டிவிட்டு வந்தாள். அவளுக்கும் தினம் குழம்பு வைக்க மனசில்லாமல், ஒரு கருவாட்டைச் சுட்டுத்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

செப்டம்பர் 22, திங்கள்

47.3. முன்னூறு கிராம்தான் குறைவு. உணவு ஆலோசனை அம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஸ்பெல்லிங் சொன்னேன். பரீட்சை எழுதியது போல வியர்த்தது.

செப்டம்பர் 24

வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. கழுத்துத் தோல் கருத்து உரிகிறது. ஸ்பூன் பல்லில் இடிக்கிறது. சின்ன ஸ்பூன் வாங்கி வந்து நானே ஊட்டப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் என்ன பச்சப் புள்ளையா? வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். கூடத்திலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பூன் சத்தம் வரவே இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

46.8. இருபத்தைந்து முடிந்தது, இன்னும் எட்டு. எட்டு கரண்ட், ஒன்றே முக்கால் கிலோ. இதையே மனசு திரும்பத் திரும்பக் கழித்துப் பார்க்கிறது.

கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது. அம்மா தாராளமாகக் கலக்கிறாள் போல. நல்லது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்றும் நாளையும் ஆஸ்பத்திரி லீவு. பாபநாசத்தில் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா நேற்றே போய்விட்டாள்.

மத்தியானம் அப்பாவின் அறை வாசலில் பார்த்தேன். நிலைக்காலில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், வெள்ளையாக ஒரு விரல் இழுப்பு. அதற்குக் கீழே இன்னொன்று.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். இந்த வீட்டின் எல்லா நிலையிலும் முன்பு இருந்தது. வெற்றிலை முதுகில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு விரலில் மிஞ்சியதை அப்படித்தான் துடைப்பார். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று நான்தான் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். வெற்றிலைப் பையை வாய்க்காலில் வீசினேன்.

உள்ளே போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் கை விட்டேன். பையோடு போகாமல் தப்பிய பழைய எவர்சில்வர் சுண்ணாம்பு டப்பா.

அப்புறம் என்ன பேசினேன் என்று எழுத வேண்டுமா? எழுதுகிறேன். "இன்னும் ஏழு நாளு. ஏழு நாளு இருக்க முடியலையா ஒன்னால? எதுக்கு நான் தெனம் பஸ்ஸுல அலையறேன்? எதுக்கு அந்த வேட்டியில வடிகட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்? போயில எங்க வச்சிருக்க? எடு!"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன்.

அவர் கையை நீட்டினார். டப்பாவைக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே கொல்லையில் வாழைக்குள் விட்டெறிந்தேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 2

ஒன்றும் உள்ளே போகவில்லை. தண்ணீர் மட்டும். பருப்புக்கஞ்சி வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். புகையிலை எங்கும் கிடைக்கவில்லை. பெட்டி, பாய், சட்டைப் பை. எங்கே ஒளித்திருப்பார்? யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்?

அக்டோபர் 3, வெள்ளி

இருபத்தேழாவது.  பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கை கொடுத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். வேட்டிக்குள் நுழைத்த குச்சி மாதிரி இருக்கின்றன கால்கள்.

டாக்டரிடம் சொல்லலாமா? சொன்னால் அவரைத் திட்டுவார்கள். சொல்லாவிட்டால்?

சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

அம்மா சாயங்காலம் வருகிறாள். அவள் கண்ணில் படுவதற்குள் நிலைக்காலைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு போனேன். மூன்று நாளாக அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எறும்பு.

தரையிலிருந்து நிலைக்காலில் ஒரு வரிசை ஏறி, அந்த வெள்ளை இழுப்பின் மேல் மொய்த்துக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து கரைத்துத் தின்றுகொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கு எறும்பு வராது.

துணியோடு எவ்வளவு நேரம் நின்றேன்? விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. முகர்ந்தேன். நாக்கில் வைத்தேன். மூன்று நாள் காய்ந்த பாலேடு.

வாழைக்குள் தேடினேன். சருகுக்கு அடியில் டப்பா கிடந்தது. மூடி இடுக்கில் எறும்பு. திறந்தேன். புளித்துப்போன மஸ்கார்போனே. நடுவில் விரல் அள்ளிய பள்ளம். டப்பாவை உள்ளும் புறமும் அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தார். அப்படியும் புளித்த வாசனைக்குப் பின்னால் மெல்லிசாகக் கிராம்பு. அவர் வெற்றிலைக்குப் போடுகிற கிராம்பு. ஒரே பையில் கிடந்த டப்பாவில் மிஞ்சியிருந்ததை அது இழுத்து வைத்திருக்கிறது.

திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கு நான் திறந்து பார்க்கவில்லை.

அதே நாள், கொஞ்சம் கழித்து

டப்பாவைக் கொதிக்கவைத்துக் கழுவி, புதிதாக நிரப்பி, எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்கப்பா என்று சொல்லப் பழகியிருந்தேன். வாயில் வந்தது, "எறும்பு வந்துச்சுப்பா."

அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கரண்டி நொழைய மாட்டேங்குது. வெரலு நொழையுது." நிறுத்தி எச்சில் விழுங்கப் பார்த்தார். எச்சில் இல்லை. "அந்தப் பக்கமா ஒதுக்கி வச்சிக்கிட்டா, வாயில என்னமோ இருக்கற மாரி இருக்கு. அது போதும் எனக்கு."

ஆள்காட்டி விரலால் கொஞ்சம் எடுத்தார். வலது கன்னத்துக்குள் ஒதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். விரலில் மிஞ்சியதைத் துடைக்கக் கை தானாக நிலைக்காலைத் தேடியது. கட்டிலிலிருந்து எட்டவில்லை. என் சட்டையில் துடைத்தார்.

"நீன்னு சொல்லிட்டல்ல" என்றார். கோபமா, கிண்டலா, இப்போதும் தெரியவில்லை.

அக்டோபர் 5

தீரத் தீர டப்பாவை நிரப்புகிறேன். ஒரு யோசனை: கிண்ணத்தில் இரவு ஒரு கிராம்பைப் புதைத்து வைத்து, காலையில் எடுத்துவிடுவது. உறைப்பு இறங்குவதில்லை, வாசனை மட்டும். ஜெக்கரியா அண்ணனிடம் சொன்னேன். அடுத்த வாரம் கஃபேயில் செய்யப்போகிறாராம். அத்திப்பழத்தோடு.

வெளியே தூறல். சம்பா நாற்றுக்கு நல்லது என்று அப்பா சைகையில் சொன்னார்.

நாளை திங்கள்.

அக்டோபர் 6, திங்கள்

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சட்டைப் பையில் இருந்த டப்பாவையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். முள் ஆடிக்கொண்டே இருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

45.1.

உணவு ஆலோசனை அம்மா தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். போன வாரம் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "லீவு. சரியா திங்கல" என்றார்.

இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார்கள். நூறு கிராம். ஒரு டப்பா அளவு இருக்குமா?

அக்டோபர் 8

ஐந்து டப்பா. பழத்தில் இரண்டு தடவை.

அக்டோபர் 9

ஆறு. அஜீஸ் பாய் கிரீமை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பா விரலில் தின்பதை நின்று பார்த்தார். "கண்ணுசாமி அண்ணே, இழுக்காட்டியும் ஓங்களுக்குப் புடிச்சிருக்கே" என்றார். அப்பா ஒரு விரல் எடுத்து அவரிடம் நீட்டினார். பாய் வாங்கி நாக்கில் வைத்து, யோசித்து, இதில் ஒன்றுமே இல்லையே என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

முப்பத்துமூன்று. 45.6.

பஸ்ஸில் அப்பா என் தோளில் தூங்கிவிட்டார். எழுப்பாமல் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கி நடந்தோம்.

நவம்பர் 17

47. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போதைக்கு. அந்த 'இப்போதைக்கு' என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடித்தாயிற்று. நிலைகளுக்கு அம்மா நீலம் அடித்திருக்கிறாள். அப்பா இப்போது ரசம் இல்லாத ரசம்சோறு தின்கிறார். அதாவது மிளகும் புளியும் பேருக்கு. எச்சில் இன்னும் முழுசாக ஊறவில்லை, அதனால் டப்பா தொடர்கிறது. அம்மா அதையே வெண்பொங்கலில் நெய்க்குப் பதில் போட்டுப் பார்த்தாள். நெய்யைவிட இதுதான் குழைவாக இருக்கிறது என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

நேற்று முதல் தடவையாக அப்பா தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். பெட்டிக்கடை எல்லாம் அந்த வழியில்தான்.

இன்று மத்தியானம் புது நீல நிலைக்காலில் வெள்ளையாக ஒரு விரல் இழுப்பு.

நான் எதுவும் கேட்கவில்லை. தொட்டும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து, ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

நாலு மணி வாக்கில் முதல் எறும்பு வந்தது.